கறுவாக் குச்சியில் பின்னிய மப்ளர்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்கு வரும் பாதையில் ஒரு வளைவு. பஸ் அங்கே வேகத்தைக் குறைக்கும்போது பச்சைக் கறுவாவின் வாசனை உள்ளே ஏறிக்கொள்ளும். பாதையோரத் தகரக் கொட்டிலில் நாலைந்து பேர் காலை நீட்டி உட்கார்ந்து பட்டை உரித்துக்கொண்டிருப்பார்கள். இனிப்பா, காரமா, மரமா, மருந்தா என்று மூக்கு தீர்மானிப்பதற்குள் வளைவு போய்விடும். மற்றவர்களுக்கு அது கறுவா. எனக்கு அது கம்பளி. அந்த வாசனை பட்டதும் என் கட்டை விரல்கள் இரண்டும் தாமாக அசையத் தொடங்கும்: உள்ளே குத்து, சுற்று, இழு, விடு.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. தம்பி வீட்டில் ஓர் அறை, இரத்தோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. இந்த இரண்டும் எனக்குப் போதும் என்று ஊர் முடிவு செய்து பல வருடம் ஆகியிருந்தது. போதவில்லை என்பது என் கால்களுக்கு மட்டும் தெரியும். ஓரிடத்தில் இருக்க மாட்டேன். நடந்துகொண்டேதான் பாடம் நடத்துவேன். பஸ்ஸில் இடம் இருந்தாலும் நிற்பேன். அப்படி நின்றதால்தான் அவரைத் தெரியும். அவரும் நிற்கிற ஆள்.

ரிவர்ஸ்டன் மலைக்கு மேலே, மேகம் கதவு தட்டாமல் வந்துபோகிற இடத்தில் ஓர் ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. அதற்கு அவர் வொச்சர், காவல் ஆள். என்னைவிட ஆறு வயது கூட. மனைவி தவறிப் பத்து வருடம். ஒரே மகளைச் சீகிரியாப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். மருமகன் அங்கே சுற்றுலாக்காரர்களுக்கு த்ரீவீல் ஓட்டுகிறவர். இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை இவர் மலையிறங்கி மாத்தளைக்குச் சாமான் வாங்க வருவார். சனிக்கிழமைகளில் மாத்தளையில் எனக்கு டியூஷன் வகுப்பு. போகும்போதும் வரும்போதும் ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்துக் கம்பி.

அவர் கொண்டுவரும் ஒரு துவாயைத்தான் நான் முதலில் கவனித்தேன். நீலக் கோடு போட்ட துண்டு, ஓரம் கிழிந்தது, மேலே பிடித்த பனியில் விறைத்தது. இரத்தோட்டையில் நான் ஏறும்போது அது அவர் கழுத்தில் இருக்கும். மாத்தளையை நெருங்க நெருங்க வெயில் ஏறும். துவாய் கழுத்திலிருந்து தோளுக்கு வரும், தோளிலிருந்து பைக்குள் போகும். திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழாக நடக்கும். எந்த ஊர் வந்திருக்கிறது என்று அந்தத் துவாயைப் பார்த்தே சொல்லலாம்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம். இரத்தோட்டை பஸ் ஸ்டாண்டில் மேலே போகிற பஸ்ஸுக்கு அவர் காத்து நின்றார். தேத்தண்ணிக் கடையில் ஆளுக்கொரு பிளேன்டீ. ஊதிக்கொண்டே சொன்னார்:

"டீச்சர், மேல எனக்கு தவணை முடியுது. மாத்தளை டவுன்ல ஒரு ஸ்டோருக்கு மாத்தித் தர்றேங்கிறாங்க. ஃபோர்ம் வந்திருக்கு. மாசக் கடைசிக்குள்ள சைன் வைக்கணும்."

"நல்லதுதானே?"

"எனக்கு மட்டும்னா மேலேயே கெடந்துருவேன். நீங்களும் தனியா இருக்கீங்க, நானும் தனியா இருக்கேன். நீங்க சரின்னா நான் கீழ வந்துர்றேன். இல்லேன்னா சைன் வைக்கல, இன்னும் ரெண்டு வருஷம் மேலேயே இருந்துக்கிறேன். அதான்."

'அதான்' என்று சொல்லிவிட்டு மிச்சத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கைச் சுட்டிருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

மாதக் கடைசிக்கு நாலு கிழமை இருந்தது. அதற்குள் அவர் இரண்டு தரம் இறங்குவார்.

வீட்டுக்குப் போய் யோசிக்க உட்கார்ந்தேன். சரி, வேண்டாம் என்ற இரண்டு சொற்களையும் எதிரே வைத்துப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். மனம் அந்த இரண்டையும் விட்டுவிட்டுத் துவாய்க்குப் போய்விட்டது. ஒரு துவாயை இப்படி விறைக்க வைக்கிற காற்று எப்படி இருக்கும்? அந்தக் காற்றுக்குள் ஒரு மனுஷன் இரண்டு கிழமை என்னதான் செய்வார்? கைக்கு வேலை இல்லாவிட்டால் எனக்கு மூளை ஓடாது. பதில் எதுவானாலும் இருக்கட்டும், அந்தத் துவாய்க்குப் பதிலாக ஒரு மப்ளர் பின்னிக் கொடுப்பது என்று எழுந்துவிட்டேன். அதுவரை ஒரு சங்கிலித் தையல்கூட ஒழுங்காகப் போட்டவள் இல்லை நான்.

மாத்தளையில் பொத்தான், நூல், ரிப்பன் விற்கிற முஸ்லிம் கடைக்கார நானா என்னைப் பார்த்ததும் பிங்க் நிறப் பந்துகளை எடுத்து மேசையில் பரப்பினார்.

"பொம்புளப் புள்ளையா, ஆம்புளப் புள்ளையா, டீச்சர்?"

"பெரிய ஆளுக்கு, நானா."

"பெரிய ஆளு இந்தச் சூட்டுல கம்பளி போடுறாரா? சொகமில்லாத ஆளா?"

"சொகமாத்தான் இருக்காரு. மலையில இருக்காரு."

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறினார். எங்கள் ஊரில் கம்பளி வாங்குவது பிறந்த குழந்தையின் தொப்பிக்குத்தான். அதனால் கடையில் இருப்பதெல்லாம் பிங்க், வான நீலம், கோழிக்குஞ்சு மஞ்சள். மேல் தட்டிலிருந்து தூசி தட்டிக்கொண்டு அவர் இறக்கியது மெரூன்.

"மூணு பந்துதான் ஈக்குது. இனி வராது. பத்தாட்டி இதையும் வெச்சிக்கங்க" என்று ஒரு மஞ்சள் பந்தையும் பைக்குள் போட்டார்.

கம்பளி பின்னுகிற தடித்த ஊசி அவரிடம் இல்லை. எனக்குக் கறுவாக் கொட்டில் ஞாபகம் வந்தது. பட்டை உரித்தபின் வெறும் குச்சியை அடுப்புக்குத்தான் வைப்பார்கள். நேரான குச்சி, விரல் பருமனுக்கும் மெலிந்தது. வளைவில் இறங்கிக் கேட்டேன். உரித்துக்கொண்டிருந்த பெண்ணின் மகன் என் வகுப்பில் படித்தவன். அவள் கத்தியை நிறுத்திவிட்டு இரண்டு குச்சிகளைத் தூக்கிப் பார்த்தாள்.

"இப்ப பிள்ளைங்களை அடிக்கக் கூடாதாமே, டீச்சர்?"

"அடிக்க இல்ல. கம்பளி பின்ன."

"நம்புறேன், நம்புறேன்" என்று சிரித்து, அதைவிட நேரான இரண்டைத் தேடித் தந்தாள்.

நுனியைச் சீவி, மண்கடதாசியால் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசினேன். பட்டை போன பிறகும் குச்சிக்கு வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது. கை சூடேறும்போதுதான் அது வெளியே வரும். போனில் ஒரு வீடியோ. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் இரண்டு கைகள் மட்டும். அந்தக் கைகளுக்கு அவசரமே கிடையாது. எனக்கு அவசரம் மட்டும்தான் உண்டு. நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி ஓடவிட்டு, இருபத்தெட்டுக் கண்ணிகளை ஏற்றினேன். ஒரு சாண் போனதும் எண்ணினால் முப்பத்தேழு. ஒன்பது கண்ணிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வரிசையில் நின்றிருந்தன. எங்கே ஏறின? எந்தப் பஸ் தரிப்பில்? பிரித்துப் பார்த்தேன். தெரியவில்லை. மறுபடி பின்னினேன். இந்தத் தரம் முப்பத்தைந்து. எனக்குக் கோபம் வரவில்லை; ஆச்சரியமாக இருந்தது. ஒரே நூல், ஒரே கை, இவ்வளவு கள்ளத்தனம் எங்கிருந்து வருகிறது?

தம்பியின் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, நீங்க பின்றதவிட பிரிக்கிறதத்தான் நல்லா செய்றீங்க."

அது சுருக்கென்றது. அவள் கம்பளியைத்தான் சொன்னாள். ஆனால் பாதியில் விட்ட சங்கீத வகுப்பு, பாதியில் விட்ட பட்டப்படிப்பு, இருபத்தொன்பது வயதில் நானே வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒரு சம்பந்தம் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக எனக்குக் கேட்டன. ஏழாவது தரம் பின்னியதைப் பிரிக்கவில்லை. அகலம் ஏறினால் ஏறட்டும் என்று விட்டுவிட்டேன்.

"யாருக்குன்னு இன்னும் சொல்லல" என்றாள்.

சொன்னேன். தேத்தண்ணிக் கடையில் அவர் கேட்டதையும் சொன்னேன். வெங்காயக் கையோடு மூக்கில் விரலை வைத்தவள், கண் எரிந்து கத்தினாள். பிறகு கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து தீர்ப்பு சொன்னாள்.

"கேக்கிறதுன்னா ஆளுங்களோட வீட்டுக்கு வரணும், மதினி. பிளேன்டீ குடிச்சுக்கிட்டுக் கேட்டா அதுக்குப் பேரு பொண்ணு கேக்கிறதா?"

எவ்வளவு நீளம் பின்ன வேண்டும்? போடுகிற ஆளின் உயரம் எவ்வளவோ அவ்வளவு என்றது வீடியோ. அங்கேதான் நின்றேன். இரண்டு வருடமாகப் பக்கத்தில் நின்ற மனிதரின் உயரம் எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்தால் எந்தப் பக்கத்துப் பல் முதலில் தெரியும் என்று தெரியும். மருமகன் தந்த போனைத் தலைகீழாகப் பிடிப்பார் என்று தெரியும். உயரம்? முன் கதவால் ஏறும்போது மேல் தகட்டிலுள்ள மூன்றாவது ஆணிக்கு நேரே அவர் உச்சந்தலை வரும். அது ஞாபகம் இருந்தது. அடுத்த நாள் பள்ளிக்கூடத்து மீற்றர் கட்டையைக் கொண்டுபோய், நின்றிருந்த பஸ்ஸின் கதவில் வைத்து அளந்தேன். கண்டக்டர் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்ன டீச்சர், பஸ் வாங்கப் போறீங்களா?"

"சும்மா. பிள்ளைங்களுக்கு ஒரு கணக்கு."

"கணக்குல டயரையும் சேத்துக்கங்க. மாத்தணும்."

ஐந்தடி ஆறங்குலம். ஆணியை நம்பினால்.

நடுவில் வந்த சனிக்கிழமை அவர் கேள்வியைப் பற்றி வாயே திறக்கவில்லை. துவாய் கழுத்தில் இருந்தது. நான்தான் தொடங்கினேன்.

"மேல காத்து எப்பிடி இருக்கும்?"

"எந்தக் காத்து?"

"எத்தன காத்து இருக்கு?"

கம்பியிலிருந்து கையை எடுத்து விரல் மடக்கினார். "ஒண்ணு காலைல வரும், கதவத் தட்டிட்டு. இன்னொண்ணு பின்னேரம், அது தட்டாது. கோபுரக் கம்பியில பாடுறது ஒண்ணு இருக்கு, அது மழைக்கு முந்தி மட்டும். அப்பறம் விளிம்புல ஒரு எடத்துல கீழேருந்து மேல வரும், டீச்சர். பிஸ்கட் பேப்பரப் போட்டீங்கன்னா திரும்பி உங்க மூஞ்சிக்கே வந்துரும். குப்ப போட முடியாத எடம் ஒலகத்துல அது ஒண்ணுதான்."

"நெசமாவா?"

"துணி காயப் போட்டா நாலு மூலையும் கட்டணும். போன வருஷம் ஒரு சட்ட போச்சு. இன்னும் வரல."

நான் சிரித்ததில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நிறுத்த முடியாமல் கேட்டுக்கொண்டே போனேன். எங்கே தூங்குவீர்கள்? கோபுரத்துக்குக் கீழே வளைவில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ், அங்கே காற்று கொஞ்சம் கம்மி. காலையில் என்ன சத்தம்? ஆறரை பஸ் அந்த வழியாகத்தான் இரத்தோட்டைக்கு இறங்கும், அதன் ஹோர்ன். மேகம் உள்ளே வந்தால் எப்படி இருக்கும்? தீப்பெட்டி நமுத்துப் போகும்.

"வந்து பாருங்களேன்" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியது போல. காது சிவந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்கும்போது கேட்டேன்: "மகளுக்குத் தெரியுமா?"

"சொன்னேன். 'டீச்சர் கூப்பிட்டா நானும் வர்றேன், நீங்க தனியா போய் நின்னு ஒளறாதீங்க'ன்னா."

மெரூன் பந்துகள் தீரத் தீர எனக்குப் பயம் பிடித்தது. அகலத்துக்குள் நூல் ஓடிவிட்டது. மூன்றாவது பந்தின் கடைசி வால் என் மடியில் கிடந்தபோது நீளம் இரண்டரை அடி கூட இல்லை. மஞ்சளை எடுத்து மெரூன் வாலோடு முடிச்சுப் போடப் போனேன்.

தம்பியின் மனைவி கதவில் சாய்ந்து நின்றாள். "மதினி! நீங்களே அவரு கழுத்துல மஞ்சக் கயிறு கட்டப் போறீங்களா?"

அறைக்குள்ளிருந்து தம்பி சிரிப்பது கேட்டது. என் முகம் கறுவா அடுப்புப் போல எரிந்தது. மஞ்சளைப் பைக்குள் தள்ளிவிட்டு அந்த இடத்திலேயே கண்ணிகளை அடைத்துப் பின்னலை முடித்துவிட்டேன். கழுத்தை ஒரு தரம் சுற்றிவிட இது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீடியோவிலும் கடைசியில் அப்படித்தான் போட்டுக் காட்டினார்கள்: கழுத்தில் ஒரு சுற்று, இரண்டு முனையும் நெஞ்சில்.

கடைசிச் சனிக்கிழமை பின்னேரம். அதே தேத்தண்ணிக் கடை வாசல். மேலே போகும் பஸ் எஞ்சினை அணைக்காமல் நின்றது. அவர் கையில் பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய்ப் போத்தல். சட்டைப் பையில் நாலாக மடித்த ஃபோர்ம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பத்திரிகைக் கடதாசியில் சுற்றிய பொதியை நீட்டினேன்.

"என்ன டீச்சர் இது?"

"பிரிச்சுப் பாருங்க."

சாமான்களைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் பிரித்தார். ஒரு முனை இருபத்தெட்டுக் கண்ணி, மறு முனை நாற்பத்தொன்று. ஒரு பக்கம் ஒடுங்கி மறு பக்கம் விரிந்து மீன் வால் மாதிரி கிடந்தது.

"அடேயப்பா, பொன்னாடையா? எனக்கு யாரும் போத்தினதே இல்ல. பேச்சுப் பேசணுமா?"

"பேச வேணாம். போட்டுப் பாருங்க."

துவாயை எடுத்துவிட்டு, மெரூனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். "கறுவா வாசம்" என்றார். அதன் பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. அதை உச்சந்தலையில் போட்டு, இரண்டு காதையும் மூடி, தாடைக்குக் கீழே இழுத்தார். முனைகள் இரண்டும் தாடைக்குக் கீழே தொட்டுக்கொண்டன. முடிச்சுப் போட ஓர் அங்குலம்கூட மிச்சமில்லை.

"கழுத்துக்குங்க அது" என்றேன்.

"கழுத்துக்கு என்ன குளிரு? குளிரு காது வழியாத்தானே ஏறும்?"

மலையில் பிறந்த எவருக்கும் இது தெரியும். என் அப்பா கட்டினார், தம்பி கட்டுகிறான், கொழுந்து லொறிக்காரர்கள் எல்லாரும் கட்டுகிறார்கள். தலையில் போட்டு, காதை மூடி, தாடைக்குக் கீழே முடிச்சு. நாற்பத்தாறு வருடம் பார்த்த தலைகளை எல்லாம் மறந்துவிட்டு, முகம் தெரியாத இரண்டு கைகளை நம்பி, கழுத்துக்குப் பின்னியிருக்கிறேன். அவரிடமும் கழுத்திலிருந்த துவாயைத்தான் பார்த்தேன். தலையிலிருந்து அது எந்த வளைவில் இறங்கியது என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு பேரும் சிரித்தோம். அவருடைய சிரிப்பு முதலில் நின்றது. முனைகளைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"டவுன் சூட்டுக்கு வர்ற ஆளுக்கு எதுக்கு மப்ளர்?" என்றார் மெதுவாக. "வெளங்குது டீச்சர். மேலேயே இருன்னு சொல்றீங்க. வாயால சொல்ல ஏலாம இதக் குடுக்கிறீங்க. பரவால்ல. நல்ல மாதிரிதான் சொல்லியிருக்கீங்க."

சட்டைப் பையிலிருந்த ஃபோர்மை விரலால் உள்ளே தள்ளினார்.

நாலு கிழமை அந்தக் கம்பளியோடு இருந்தேன். கண்ணியை எண்ணினேன், கதவை அளந்தேன், காற்றை விசாரித்தேன். அவர் கீழே வந்தால் இதற்கு வேலையே இல்லை என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? மாத்தளையில் வெயிலுக்குள் சட்டையோடு நிற்கிற அவரை ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தேனா? இல்லை. நினைத்ததெல்லாம் அந்த விளிம்பு, திரும்பி வருகிற பிஸ்கட் பேப்பர், நாலு மூலையும் கட்டிய துணி, ஆறரை பஸ்ஸின் ஹோர்ன். ஒவ்வொன்றிலும் அவர் பக்கத்தில் ஓர் உருவம் நின்றிருந்தது. அது யார் என்று இப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

"யாரு அப்பிடிச் சொன்னா?"

"இது சொல்லுதே."

"அதுக்கு வாய் இல்ல. நீங்க கீழ வரட்டுமான்னு கேட்டீங்க. நீ மேல வர்றியான்னு என்னைய யாரும் கேக்கல."

அவர் கை முனைகளை விட்டுவிட்டது. மப்ளர் தலையில் அப்படியே தொங்கியது. தேத்தண்ணிக் கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேலயா? டீச்சர், அங்க காத்து..."

"நாலு காத்து. சொன்னீங்க. ஆறரை பஸ்ஸையும் சொன்னீங்க. எனக்கு எட்டு மணிக்குத்தான் பள்ளிக்கூடம்."

"அப்ப, ஃபோர்ம்?"

"அது உள்ளேயே இருக்கட்டும்."

பஸ் ஹோர்ன் அடித்தது. கண்டக்டர் மிதிபலகையிலிருந்து, "மாமா, வர்றீங்களா, இல்ல பொன்னாடைக்குப் பொறகு கூட்டமும் இருக்கா?" என்று கத்தினான். அவர் சாமான்களை அள்ளினார். மண்ணெண்ணெய்ப் போத்தலை மறந்தார், திரும்பி வந்து எடுத்தார். நான் எட்டி அவர் தலையிலிருந்த மப்ளரை உருவிக்கொண்டேன்.

"ஏன்?" என்றார் பதறி.

"முடிச்சுக்கு நீளம் பத்தல. இன்னும் ரெண்டு மொழம் போடணும். மெரூன் முடிஞ்சிருச்சு, மஞ்சள்தான் இருக்கு."

மஞ்சள் என்றதும் கடைக்காரர் இருமினார். இவர் தன் துவாயைத் தலையில் போட்டு, காதை மூடி, பழைய மாதிரி முடிச்சிட்டுக்கொண்டு மிதிபலகையில் ஏறினார். பஸ் நகரத் தொடங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே குனிந்தார்.

"அப்ப அடுத்த தரம் வந்து இங்கேயே நிக்கவா, டீச்சர்? கடையில?"

நான் இரண்டு எட்டு பஸ்ஸோடு சேர்ந்து நடந்தேன்.

"கடையில வேணாம், வீட்டுக்கு வாங்க. தனியா வராதீங்க, மகளையும் கூட்டிட்டு வாங்க."